ரசம் சோறு கேட்ட குழந்தை

பக்கம் வாயைத் திறந்து பேசியது.

சுட்டதுபோல் அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

நேற்றுவரை அந்த நாவல் கணினிக்கு வெறும் படம். அச்சில் இல்லாத புத்தகம். எவரோ புண்ணியவான் ஸ்கேன் செய்து போட்டிருந்தார். திறந்தால் ஒரு சத்தமும் வராது. இன்று ஒரு மென்பொருள் அந்தப் படங்களை எல்லாம் எழுத்தாக்கித் தந்துவிட்டது. கணினி கடகடவென்று வாசிக்கிறது.

பிறவியிலேயே பார்வையில்லாதவள். தமிழ்ப் பேராசிரியை. எந்த அச்சுப் புத்தகமும் அடுத்தவர் தொண்டை வழியாகத்தான் அவளிடம் வந்திருக்கிறது.

ஒரு வரியைத் திரும்பக் கேட்டாள். வாசித்தது.

மறுபடியும். வாசித்தது.

மறுபடியும்.

பெருமூச்சு இல்லை. "அடுப்பில் பால் இருக்கு" என்ற சாக்கு இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை பெரிய விடுதலை இப்படி மூக்கடைத்த குரலிலா வரவேண்டும் என்று சிரிப்பும் வந்தது.

நாளை கல்லூரியில் இந்த நாவலைப் பற்றிப் பேச வேண்டும். கடைசி வரியை ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் வகுப்பில் சொல்லி, பிள்ளைகளை அழவைத்த வரி. விடியும்போது காய்ச்சல் விட்டு, குழந்தை கண் திறந்து, "அம்மா, ரசம் சோறு" என்று கேட்கும்.

தேடினாள்.

கிடைக்கவில்லை என்றது.

'ரசம்' என்று மட்டும் தேடினாள்.

கிடைக்கவில்லை.

இயந்திரம் விழுங்கிவிட்டது போல. கடைசிப் பக்கத்துக்குப் போய், சொல் சொல்லாகக் கேட்டாள்.

விடிந்தது. குழந்தையின் பாதம் சில்லிட்டிருந்தது. தாய் விளக்கை அணைத்தாள்.

அவ்வளவுதான். நாவல் முடிந்தது.

எத்தனை முறை கேட்டாலும் அதுவேதான்.

கணவர் அந்தப் பக்கத்தை வாசித்த நாள் அவளுக்கு மறக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய வாரம். குடிக்க ஆளில்லாமல் மார்பில் பால் கட்டிக்கிடந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். தாள் புரளும் சத்தம் கேட்டது.

பிறகு, தடுமாறாமல், ரசம் சோறு.

அப்புறம் அந்தப் புத்தகத்தை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள் என்றார். திரும்பி வரவே இல்லை.

அவர் லாரி ஆபீசில் சீட்டு எழுதியவர். கல்யாணப் பத்திரிகை அடிக்கக்கூட நாலு பேரைக் கேட்டுத்தான் எழுதுவார்.

இத்தனை வருஷமாக அவள் மேடைக்கு மேடை வேறு யாரையோ மகா கலைஞன் என்று புகழ்ந்திருக்கிறாள்.

கட்டிய மனுஷனை நினைத்து இப்படி மலைத்துப்போவாள் என்று அவள் எதிர்பார்த்ததில்லை.

சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அவர் கதவருகே வந்து நின்றார்.

"கடைசி வரைக்கும் வாசிச்சிருச்சா?"

குரல் சரியாக இல்லை.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"கடைசிப் பக்கம் அதுக்கு வரலைங்க. நீங்களே வாசிங்க."

வீட்டில் அந்தப் புத்தகம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நாற்காலி இழுபடும் சத்தம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

அவள் கோப்பின் கடைசி வரிக்குப் போய், விசைகளின் மேல் விரல்களை வைத்துக்கொண்டாள்.

"மெதுவாச் சொல்லுங்க."