மூத்தாள் கார்

மூத்தாள் செத்து மூன்று வருஷமாகியும் அவளுடைய பழைய சின்னக் காரை விற்க அவருக்கு மனசு வரவில்லை. ரெண்டாந்தாரமாக வந்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. கார் ஒயரிங்தான் அவள் தொழில். காலையில், ஏசி போட்டதும் ‘டிக்’கென்று கரண்டை இணைக்கும் சின்ன ரிலேவைப் பிடுங்கித் தன் வேலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது இல்லாமல் கம்ப்ரசருக்குக் கரண்ட் போகாது, ஏசி குளிராது. வெயிலில் வெந்தால் தானாக விற்பார்.

சாயங்காலம் அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். “என்ன குளிரு! கொஞ்சம் குறைன்னு சொன்ன பிறகுதான் குறைஞ்சுது.”

“யார்கிட்ட சொன்னீங்க?”

அவளிடம் ஒருநாளும் காட்டாத வெட்கம் அவர் முகத்தில் இருந்தது.

அவள் ஓடிப்போய்ப் பானெட்டைத் திறந்தாள். ரிலே செருகும் இடம் காலியாகத்தான் இருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது.

அவள் சட்டைப் பைக்குள் ‘டிக்’ என்றது.