ஒன்பதாம் ஷரத்து

ஐப்பசி அடைமழை மூன்று நாளாகத் திருவரங்கத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. மதில்கள் கறுத்து, வீதிகள் நெகிழ்ந்து, காவிரி கரை தொட்டு ஓடியது. துலா மாதத்துத் திருமஞ்சன நீர் சுமந்துவரும் யானையின் மணிகூட ஈரத்தில் தோய்ந்து தாழ்ந்தே ஒலித்தது.

பத்திரப் பதிவு அலுவலகத்துப் பெஞ்சில், மடியில் பத்திரத்தோடு அமர்ந்திருந்தாள் அனுசுயா. காப்பீட்டில் அடங்காத மருந்துகளை ஏழை நோயாளிகளுக்கு வாங்கித் தருவதற்காக, ஊரார் கொடையால் அமையும் அறக்கட்டளை. தொடங்கியவள் அவள்.

ஒன்பதாம் ஷரத்தை எழுதியவளும் அவளே. ‘தொடங்கியவரும் அறங்காவலரும், அவர்தம் உடன்பிறந்தாரும் இதன் உதவியை எக்காலத்தும் பெறலாகாது.’

உடன்பிறந்தாரை எவரும் கேளாமலே சேர்த்தாள். அன்று அது பெருமிதமாக இருந்தது.

சென்ற வாரம் புத்தூர் மருத்துவர், அக்கா சுபலட்சுமியின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, ஆயுள் முழுதும் உண்ண வேண்டிய மாத்திரையின் பெயரை எழுதினார். காப்பீட்டில் அது இல்லை. அக்காவுக்குத் தங்கையையன்றி நாதியில்லை. தங்கையின் ஓய்வூதியமோ, பத்து நாள் மாத்திரைக்குக்கூடக் காணாது.

நேற்றுவரை நா எழவில்லை. இன்று, உடன் வந்திருந்த அறங்காவலர் காட்டூர் இருதயநாதனிடம் மெல்லக் கேட்டுவிட்டாள். அந்த ஒரு ஷரத்தை நீக்கிவிடலாமா?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதைப் படிச்சுக் காட்டித்தானே மேடம் வீடு வீடா ஏறி இறங்கினோம். இப்ப எடுத்துட்டா, குடுத்தவங்க மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?”

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுவே அவளைக் கையறச் செய்தது.

பெயர் அழைத்தார்கள். அனுசுயா கையொப்பமிட்டாள்.

அடுத்துச் சாட்சியை அழைத்தார்கள்.

நனைந்த குடையை மடக்கிக்கொண்டு முன்னே வந்தாள் சுபலட்சுமி. சாட்சியாக அவளை வரச் சொன்னவள் அனுசுயாதான், நோய் தெரிவதற்கு முன்பு, ஆசை ஆசையாக. பத்திரத்தில் இருப்பதை மட்டும் இன்றுவரை அக்காவிடம் சொல்லவில்லை.

சாட்சி படிக்க வேண்டியதில்லை. அக்கா படித்தாள்.

வரி வரியாக விரல் ஊர்ந்தது. ஒன்பதில் நின்றது.

பிறகு பத்துக்கு நகர்ந்தது.

கையொப்பமிட்டு முடித்து, பாசுரப் புத்தகத்தை மூடிவைக்கும்போது செய்வதுபோலவே, பத்திரத்தை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். தங்கையின் உச்சியில் கை வைத்தாள்.

“நன்னா எழுதியிருக்கேடி. தீர்க்காயுசா, க்ஷேமமா இரு.”