நாத்தனாரின் சாட்சி

என் வீட்டு ஹாலில், நான் துடைத்துப் போட்ட நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, பதினைந்து பேர் முன்னால் என் நாத்தனார் என்னை மன்னித்துவிட்டாள்.

அத்தை இறந்து ஒரு மாதம். அவர் நினைவாக ஒரு ஜெபக்கூட்டம். ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டதும் இவள்தான் எழுந்தாள்.

"எங்க அண்ணியை நான் முழு மனசோட மன்னிச்சிட்டேன்."

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றது கூட்டம். முன்வரிசை அம்மாள்கள் இரண்டு பேர் திரும்பி என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னை மன்னிக்க இவள் யார்? ஆறு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தது யாருடைய அம்மா? மலமும் மூத்திரமும் அள்ளியது யார்? முதுகில் புண் வரக் கூடாதென்று இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டது யார்? மகாராணி வருஷத்துக்கு ஒரு வாரம் வருவாள். தலைமாட்டில் உட்கார்ந்து வசனம் வாசிப்பாள். அம்மா இளைத்துவிட்டார்களே என்று என்னிடமே விசாரிப்பாள்.

ஆண்டவரே, மன்னிக்க வேண்டியவள் நானல்லவா? என் முறையைத் தூக்கி இவளிடம் எப்படிக் கொடுத்தீர்?

கடைசி ஆமென் சொன்னதும், டீ எடுக்கும் சாக்கில் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"நான் என்ன கொலைக்குத்தமா பண்ணிட்டேன்? ஊரைக் கூட்டி வச்சு மன்னிக்கிறியே, எதுக்குன்னு சொல்லேன் பார்ப்போம்!"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கப்புகளில் டீயை ஊற்றிக்கொண்டே, ஹாலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"கடைசியா நான் அம்மாகிட்ட பேசின அன்னைக்கு, போனைப் பிடுங்கிக் கட்டில்ல எறிஞ்சீங்களே அண்ணி... அது கட் ஆகலை. நான் லைன்லயேதான் இருந்தேன்."

சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

அன்று மூன்றாவது தடவையாக அத்தை படுக்கையை நனைத்திருந்தார். நீ செத்துத் தொலைந்தால்தான் எனக்கு விடிவு என்று முகத்துக்கு நேரே கத்தினேன். அத்தையை நான் ஒருமையில் பேசியது அந்த ஒரு நாள்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கத்தினேன்.

பிறகு கதவை அறைந்து மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது அத்தைக்குப் பேச்சு நின்றிருந்தது. மூன்றாம் நாள் அடக்கம் செய்தோம்.

அந்த அரை மணி நேரத்தில் அத்தை என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

டீக்குச் சர்க்கரை போட்டாயா இல்லையா என்று அவளை அதட்டினேன்.