மொட்டை மாடியில் இரண்டு வாளி

"மீட்டரைத் தண்ணியில விட்டது போதும். கொஞ்சம் உங்க தலைக்குள்ளயும் விட்டுப் பாருங்க, உள்ள ஏதாவது இருக்கான்னு தெரியும்."

விருந்தாளி எதிரிலேயே புருஷனை இப்படிச் சொன்னாள் செவ்ரின்.

பாஸ்கல் மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் அமிலம் அளக்கும் பி.எச். மீட்டரைப் பிடித்து எண்ணைப் பார்த்தார். சிப்பிச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து மூடினார். குச்சியால் கலக்கினார். அடுத்த வாளிக்கு நகர்ந்தார்.

சுற்றிலும் தொட்டி தொட்டியாக மல்லிகை. சங்கரபுரா ஊரில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது அந்தப் பூதான்.

ஜசிந்தாவுக்குச் சங்கடமாக இருந்தது. செவ்ரினின் அக்கா மகள் அவள். மங்களூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிறு பூசை முடிந்து சித்தி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள்.

பாஸ்கல் அவளிடம் பொறுமையாக விளக்கினார். இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் அமிலம் தூக்கல். அப்படியே விட்டால் எவ்வளவு எரு போட்டாலும் வேர் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. சுண்ணாம்பு போட்டுச் சரிக்கட்ட வேண்டும். குவைத்தில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் ஆயுசு முழுக்க அவர் பார்த்ததும் இதே வேலைதான்.

"குவைத்துக்கே தண்ணி குடுத்தவராம்" என்றாள் செவ்ரின். "போன வாரம் எம் மீன் குழம்புல அந்த மீட்டரை விட்டுப் பார்த்தாருடி."

"புளி கொஞ்சம் தூக்கலாத்தான் இருந்துச்சு" என்று முணுமுணுத்தபடி பாஸ்கல் காபி குடிக்கக் கீழே இறங்கிப் போனார்.

சித்தி மேல் ஜசிந்தாவுக்குக் கோபம் வந்தது. அதை அடக்கிக்கொண்டு, ஒரு தொட்டியிலிருந்து பிடி மண்ணை எடுத்தாள். தண்ணீரில் கரைத்து, கைப்பையில் இருந்த சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்த்தாள். இன்னொரு தொட்டி. இன்னொன்று. எல்லாமே மல்லிகைக்கு ஏற்ற அளவில் இருந்தன.

மக்கின சாணமும் இலையெருவும் போட்டுப் போட்டுச் செவ்ரின் வளர்த்த மண் அது. மண்புழு நெளிந்தது. இப்படி உயிருள்ள மண், ஊற்றுகிற தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும். சுண்ணாம்பு போடத் தேவையே இல்லை. தினம் போட்டால் அது தொட்டியிலேயே தங்கி இலை மஞ்சளாகும்.

"சித்தப்பாகிட்ட நானே பக்குவமா சொல்லிடறேன் சித்தி" என்றாள்.

செவ்ரின் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். பாஸ்கல் கலக்கி வைத்த வாளியைத் தூக்கி, கைப்பிடிச் சுவருக்கு மேல் ஏற்றி, அடுக்களைக்குப் பின்னால் நின்ற தென்னையின் மேல் கவிழ்த்தாள். அடுத்த வாளியையும் கவிழ்த்தாள். மூச்சு வாங்கியது. மாடிக் குழாயைத் திறந்து இரண்டு வாளியையும் மறுபடி நிரப்பிச் செடிகளுக்கு ஊற்றத் தொடங்கினாள்.

"என்ன சித்தி இது?" என்றாள் ஜசிந்தா.

போன வருஷம் மழை விட்டபோது இலையெல்லாம் வெளுத்து, பூ பாதியாகக் குறைந்துபோனதாம். கோயிலுக்குப் பூ எடுக்கிறவர் வேறு வீடு பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். அப்போதுதான் செவ்ரினுக்கு விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து தினமும் இதுதான் நடக்கிறது.

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

செவ்ரின் அடுத்த தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"வேலையை விட்டு வந்த புதுசுல, சொந்த வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு என்னைக் கேப்பாருடி. காலையில நாற்காலியில உட்கார்ந்தா, சாயங்காலமும் அதே நாற்காலி. நானும் தனியாவே இருந்து பழகிட்டேன். அவர்கிட்ட என்ன வேலை சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இந்த மீட்டரை எடுத்தப்புறம்தான் மனுஷன் மாடி ஏறினார். பூ நிறைய பூத்தா என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். அது போயிடுமே."

"அப்புறம் எதுக்கு இந்தத் திட்டு?"

"திட்டலேன்னா சந்தேகம் வந்துடும்."

மத்தியானம் சன்னா என்ற இட்லியும் பன்றிக்கறியும் சாப்பிட்டு, ஜசிந்தா கிளம்பினாள். பாஸ்கல் அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கூட்டிப்போனார். வழியில், மண் பரிசோதிக்கிறவளாயிற்றே, நம் தொட்டி மண் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

ஜசிந்தா பொய் சொன்னாள். "ரொம்ப நல்லா இருக்கு சித்தப்பா. எல்லாம் நீங்க தண்ணிய சரிபண்ணி விடறதாலதான்."

பாஸ்கல் நின்று அவளைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"உன்னையும் அவ பக்கம் சேர்த்துக்கிட்டாளா? அவ தென்னையில ஊத்துற சத்தம் எனக்குக் கேக்காதாம்மா? காபி குடிக்கிற இடத்துக்குப் பின்னாலதான் அந்த மரம் நிக்குது."

ஜசிந்தா பதறிப்போனாள். சித்தி மேல் கோபப்படாதீர்கள், வீணாகிறது சுண்ணாம்புதானே என்று ஏதேதோ சமாதானம் சொன்னாள்.

"சுண்ணாம்பா? இலை வெளுத்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னைக்கே போடறதை நிறுத்திட்டேன். டப்பாவைத் திறந்து மூடறதோட சரி."

பேருந்து வந்து நின்றது. அவள் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"எனக்கு ஒரு வேலை இருக்கட்டும்னு தினம் மூச்சு வாங்க ரெண்டு வாளியைத் தூக்கிக் கவிழ்க்கிறவகிட்ட, அது வெறும் தண்ணிதான்னு எந்த வாயாலம்மா சொல்வேன்?"