பச்ச உடம்புக்காரி என்ன தின்னா?

"சொல்லு ரேவதி, என்ன தின்ன?"

கேட்டது தீர்த்தம்மாள், ரேவதியோட நாத்தனார். வூட்டுக்காரனுக்கு மூத்தவங்க. அந்த வூட்டுல அவங்க பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

நான் அந்த ஊர் நர்சு, தெரசா. ரேவதியோட முப்பத்தெட்டு நாள் ஆம்பளப் புள்ள நிமோனியாவுல போயிடுச்சு. அதுக்குன்னு ஒரு ஃபாரம் இருக்கு. அதை எழுதத்தான் போயிருந்தேன். பதினெட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன், இந்த ஃபாரத்துக்கு மட்டும் கை பழகவே மாட்டேங்குது.

ரேவதி செவுத்தோரம் உக்காந்திருந்தா. பால் கட்டிக்கிட்டு ரவிக்கையெல்லாம் நனைஞ்சிருந்தது. அதை அங்க யாரும் கவனிச்ச மாதிரி தெரியல.

"வாயத் தொறந்து சொல்லு. பச்ச உடம்புக்காரி குளுமையா எதையாச்சும் தின்னா, பால் வழியாத்தான் புள்ளைக்கு எறங்கும். காரணமில்லாம ஒரு உசுரு போவுமா?"

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு.

"இந்தாங்கம்மா, பால்ல எல்லாம் சளி வராது. இது ஒரு கிருமி. அது எங்கிருந்து வருதுன்னா..."

"ஐஸ்கிரீம் தின்னேன் அண்ணி" என்றாள் ரேவதி.

நான் அவ பக்கம் திரும்பினேன்.

"செக்கப்புக்குப் போனப்ப, அதியமான்கோட்டை பேக்கரில. ரெண்டு தடவை."

அவ புருஷன் மாதவராஜ் வாசப்படியில உக்காந்திருந்தான். திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்துட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டான். புள்ளைய அடக்கம் பண்ணினதுலேருந்து அவகிட்ட அவன் ஒரு வார்த்தை பேசலையாம்.

"கேட்டீங்களா சிஸ்டர்? நாக்கை அடக்க முடியல இவளுக்கு. இந்த மாசம் முடியட்டும், அவங்கப்பன் வூட்டுல கொண்டுபோய் விட்டுடறோம். இவ இங்க இருக்க வேணாம்."

அந்த நேரம் பார்த்து மூத்தவ காவியா உள்ள ஓடி வந்தா. மூணு வயசு. தும்மல் இல்ல, இருமல் இல்ல, நல்லா துறுதுறுன்னு இருந்தா.

"அத்தை, தம்பி ஊசி போட்டுக்கிட்டு எப்ப வருவான்?"

புள்ளைகிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்காங்க. நாப்பத்திரண்டு நாள் ஆனதும் போடுற நிமோனியா தடுப்பூசிக்கு லிஸ்ட்ல அவன் பேரை நானே எழுதி வச்சிருந்தேன். நாலே நாள்ல சாவு முந்திக்கிட்டுது.

தீர்த்தம்மாள் காவியாவை இழுத்து மடியில போட்டுக்கிட்டாங்க. "இந்த மகாலட்சுமி ஒருத்திதான் எங்களுக்கு மிச்சம்" என்று அவ தலையைத் தடவிக்கிட்டே அழுதாங்க.

எழுத வேண்டியதை எழுதிக்கிட்டுக் கெளம்பினேன். வண்டி வரைக்கும் ரேவதி கூடவே வந்தா. அதுக்கு மேல என்னால அடக்க முடியல.

"குட்டக் குட்டக் குனியிறவளும் முட்டாள்தான்டி. பன்னண்டாவது படிச்சிருக்க. ஐஸ்கிரீம் தின்னா புள்ள சாவுமா? பொழப்பே போவப் போவுது, நீ பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டு இருக்க."

"நான் தின்னவேயில்லைங்க சிஸ்டர். இன்னிவரைக்கும் பத்தியச் சோறுதான்."

"அப்புறம் எதுக்குடி ஒத்துக்கிட்ட?"

அவ வூட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, கொரலைத் தாழ்த்திக்கிட்டா.

"பெரிய ஆஸ்பத்திரில டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, வூட்ல வேற சின்னப் புள்ளைங்க இருக்கான்னு கேட்டாங்க. இந்தக் கிருமி அதுங்க மூக்குலயும் தொண்டையிலயும் சும்மா இருக்குமாம். அதுங்களுக்கு ஒண்ணும் பண்ணாதாம். நெசமுங்களா?"

"நெசம்தான். பால்வாடியில பாதிப் புள்ளைங்க மூக்குல இருக்கும். ஒண்ணுகிட்டேருந்து ஒண்ணுக்குத் தொத்தும். ஒரு ரகம் போனா இன்னொரு ரகம் வந்து உக்காரும்."

"காவியாவுக்கு ஊசியெல்லாம் போட்டிருக்கோமேங்க."

"ஊசி சில ரகத்தைத்தான் தடுக்கும். மொத்தம் நூறு ரகம் இருக்கு. அதனால யார் கொண்டாந்தாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. பெரியவங்ககிட்டேருந்தும் வரலாம். இதுல யார் தப்பும் இல்ல. வா, நான் உள்ள வந்து அவங்களுக்கு வெவரமாச் சொல்றேன்."

"வேணாங்க."

என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"உங்களுக்குப் புரியும், எனக்குப் புரியும். அவங்களுக்குப் பழி போட யாராச்சும் ஒரு ஆள் வேணும் சிஸ்டர். காவியா பால்வாடி விட்டு வந்ததும் தம்பி மூஞ்சியெல்லாம் முத்தம் வைப்பா. வூட்ல அத்தனை பேரும் பாத்திருக்காங்க. தம்பிய முழுங்குனவள்னு ஒரு பேரு விழுந்துட்டா, காலத்துக்கும் அவளை விட்டுப் போவாதுங்க."

வூட்டுப் பக்கம் எடுத்து வச்ச காலை நான் பின்னால இழுத்துக்கிட்டேன்.

"ஒரு புள்ளையக் காப்பாத்த முடியல. இன்னொண்ணையாச்சும் காப்பாத்திக்கறேன், விட்டுருங்க சிஸ்டர்."