கழுத்துக்குக் காவல்

சிறை அதிகாரிக்குச் சவரம் செய்து வந்தவர் வேலையை விட்டுப் போனார். அன்றோடு தலைமைக் காவலரின் நிம்மதியும் போனது.

வெளியாள் என்றால் கூலி கேட்பான். கைதி என்றால் இலவசம். எச்சில் கையால் காக்கை ஓட்டாத அதிகாரி, மாமனார் கொடுத்த சவரக்கத்தியைப் பெட்டிக்கு அடியிலிருந்து தேடி எடுத்தார். துருப்பிடித்திருந்தது.

"இதைத் தீட்டி எனக்குச் சவரம் பண்ண யாருடா வர்றீங்க?"

ஊமையன் என்று எல்லோரும் கூப்பிடும் கைதி மட்டும் கை தூக்கினான். பேச முடியாதவன் அல்ல, அதிகம் பேச மாட்டான், அவ்வளவுதான். மகள் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் அனுப்பும்படி போன மாதம் காலில் விழுந்தவன். "நீ போகலேன்னா கல்யாணம் நின்னுடுமாடா?" என்று சிரித்தவர் இதே அதிகாரி.

"ஐயா, அவன் மட்டும் வேணாங்கய்யா," என்றார் தலைமைக் காவலர்.

"போய்யா! என்னைப் பார்த்தாலே அவனுக்குத் தொடை நடுங்கும்."

ஊமையனுக்குக் கத்தியைப் பிடிக்கவே தெரியவில்லை. ஈரக்கல்லில் கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்துத் தேய்த்தான். இருந்த கூரும் போயிற்று. கூர் ஏற்றும் தோல்வாரில் வெட்டும் வாய்ப்பக்கத்தை முன்னால் தள்ளினான், வார் கிழிந்தது. முதல் சவரத்தில் கத்தி மயிரை மழிக்கவில்லை, பிடுங்கியது. அதிகாரி போட்ட கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்தன.

"இன்னும் பதம் வரலைங்க," என்றான் ஊமையன். "வரும்."

வந்தது. கத்தியைக் கல்லின்மேல் படுக்கவைத்து, முதுகும் வாயும் ஒன்றாகத் தொடும்படி தள்ளப் பழகினான். தோல்வாரில் முதுகு முன்னால் போக, கூர் பின்னால் இழுபட வேண்டும் என்பதும் பிடிபட்டது. தினமும் சர்ர், சர்ர் என்று அதே வேலை. ஒருநாள் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, தொங்கவிட்டு, கத்தியால் தொட்டான். சத்தமில்லாமல் இரண்டாக விழுந்தது.

தலைமைக் காவலரைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தான். "இப்ப எங்க வெச்சாலும் இறங்குமுங்க. கழுத்துன்னா கேட்கவே வேணாம்."

அவர் உடனே கணக்குப் போட்டார். அதிகாரியின் கழுத்துக்கு ஒன்று ஆனால் அடுத்தது தன் கழுத்துதான்! சவர நேரத்தில் நாற்காலிக்கு இருபுறமும் ஆள் நிறுத்தினார். மனம் ஆறவில்லை. கைதிகள் வேலை செய்யும் பட்டறையின் காவலர்களையும் வரவழைத்தார். அதுவும் போதாமல், மதிலைக் கண்காணிக்கும் கோபுரத்துக் காவலரைத் துப்பாக்கியோடு இறக்கி ஜன்னலில் நிற்கவைத்தார்.

அதிகாரிக்கு ஏகப் பெருமை. "பாருய்யா, மந்திரிக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது."

ஊமையன் நுரை பூசினான். "கொஞ்சம் அண்ணாந்து பாருங்கய்யா."

குரல்வளைமேல் கத்தி மெல்ல ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. அத்தனை காவலர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கத்தியையே பார்த்தார்கள். ஊமையனுக்கோ அவசரமே இல்லை. கழுத்தை மட்டும் மூன்று முறை மழித்தான்.

கடைசியில் கத்தியைத் துடைத்து மடக்கினான். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. தலைமைக் காவலர் சுவரில் சாய்ந்து, 'தப்பித்தோம்' என்று பெருமூச்சு விட்டார்.

அப்போது அலுவலக எழுத்தர் தலைதெறிக்க ஓடி வந்தார். "ஐயா! பட்டறையில ஒரு கைதி இல்லைங்கய்யா! பின் மதில்ல ஏணி சாத்தியிருக்கு!"

அதிகாரியின் வழவழப்பான முகம் வெளுத்தது. ஊமையனின் சட்டையைப் பிடித்தார். "கூட்டுக் களவாணி! நீ மட்டும் ஏன்டா ஓடல?"

"எனக்கு நாளைக்குத் தண்டனை முடியுதுங்கய்யா," என்றான் ஊமையன் பணிவாக, "நான் வாசல் வழியாவே போய்க்கிறேன்."