துண்டு போட்ட நாற்காலி

தொலைக்காட்சித் தொடரில் துப்பறியும் இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணிக்குப் பதினோராவது முறையாகப் பதவி உயர்வு வந்தது; முந்தைய பத்தையும் அவர் வேண்டாமென்று தள்ளியிருந்தார். எஸ்.பி.யின் அறையிலேயே அவருக்கும் நாற்காலி போட்டு, அதன் முதுகில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தார்கள். எஸ்.பி.யும் ஒரு காலத்தில் கூரைமேல் ஓடிக் கொலைகாரனைப் பிடித்தவர்தான். நாற்காலி ஏறிய பிறகு வாரத்துக்கு ஒரு தடவை கேமரா அவர் பக்கம் திரும்பும். "மேலிடத்துல பிரஷர்யா" என்று மேசையைத் தட்டுவார், அத்தோடு சரி. அவருக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்தவர் யாருமில்லை.

"உக்காருய்யா. இனிமே வெயில்ல அலைய வேண்டாம், பொணத்த மோந்து பாக்க வேண்டாம்."

"ஐயா ஒரு தடவை எந்திரிச்சுக் காட்டுங்க, உக்காந்துடறேன்."

எஸ்.பி. மேசை விளிம்பைப் பிடித்து முக்கினார். தோள் மட்டும் அசைந்தது. "மேலிடத்துல பிரஷர்யா" என்றார், தன்னையறியாமல்.

வெளியே அடுத்த கொலைக்குக் கூப்பிட்டு ஜீப் ஹாரன் அடித்தது. ஞானசிகாமணி நாற்காலியிலிருந்து துண்டை உருவினார்.

"யோவ், அது ஆபீசர் துண்டுய்யா!"

"ஏரிக்கரையில ஒருத்தன் முகம் மூடாமக் கிடக்கான், ஐயா."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் எஸ்.பி.யின் நாற்காலி கிறீச்சிட்டது. ஞானசிகாமணி திரும்பிப் பார்க்கவில்லை.